குளத்தங்கரையில் ஒளிக்காட்சி: கோவைக்குப் பொழுதோட கிளம்புகிறவர்களுக்குக் கேள்விகளும் பதில்களும்

ஆண்டுதோறும் ஊரே சேர்ந்து நடத்தும் கோயம்புத்தூர் விழாச் சமயத்தில் கோவையின் குளக்கரைகளிலும் ரேஸ்கோர்ஸ் பக்கமும் ஒளிக்கலை பார்க்க நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போவது வழக்கம். ஒருவர் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். ஒருவர் ஈரோட்டில் பள்ளி ஆசிரியை. இன்னொருவரின் அப்பா அந்தக் காலத்தில் கோயில் திருவிழாக்களுக்கு சீரியல் செட் விளக்கு அலங்காரம் போட்டவர். மற்ற மூன்று பேரும் கோவைவாசிகள். நாங்கள் போய்வந்த படங்களைப் பார்த்துவிட்டு ஒறம்பரை, அக்கம்பக்கம், கூட வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒளிக்கலை என்றால் என்னங்க? கோயிலுக்கு சீரியல் லைட் போடுவதும் அதுதானா?

அதுவும்தான். நான் இதில் உறுதியாக இருக்கிறேன். ஓவியருக்குச் சாயம் எப்படியோ, அப்படி வெளிச்சத்தையே பொருளாக வைத்துச் செய்யும் எதுவும் ஒளிக்கலை. குளத்து மேல் ஓடும் லேசர், கட்டடச் சுவரில் நகரும் படம், மரத்தில் தொங்கவிட்ட விளக்குச் சிற்பம், கோனியம்மன் தேருக்கு ஊர் முழுக்கக் கட்டும் விளக்கு வளைவு எல்லாம் ஒரே குடும்பம்.

எங்கள் நண்பரின் அப்பா செய்த வேலையைக் கேட்டால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். பிளைவுட் பலகையில் அம்மன் உருவத்தைப் பென்சிலால் வரைந்து, கோடு நெடுக ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சின்ன பல்பைச் செருகுவார். ஒவ்வொரு பல்பும் ஆறு வோல்ட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதனால் ஏறக்குறைய நாற்பது பல்பை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால்தான் தாங்கும். 'சீரியல்' என்ற பேரே அதனால் வந்ததுதான். ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். எந்த பல்பு என்று கண்டுபிடிக்க ராத்திரி முழுக்க ஏணியில் நிற்க வேண்டும்.

சக்கரம் சுற்றுவது போலவும் பூ விரிவது போலவும் காட்ட, ஒரு மர உருளையில் செப்புத் தகடுகளை அளவாக வெட்டி ஒட்டுவாராம். சின்ன மோட்டார் அந்த உருளையைச் சுற்றும். தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும், தாண்டினால் அணையும். கம்ப்யூட்டரோ சிப்போ கிடையாது. தகட்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதில்தான் அவருடைய கலை முழுக்க இருந்தது. இன்றைக்கு எல்இடி பிக்சல் பலகை செய்யும் அதே வேலைதான். அதைக் கையால் செய்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

கோவையில் எங்கே போய்ப் பார்ப்பது?

கோயம்புத்தூர் விழா 2008-ல் தொடங்கியது. அந்த விழாவை ஒட்டி உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் லேசர் ஒளிக்காட்சிகள் நடந்திருக்கின்றன. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஆர்ட் ஸ்ட்ரீட் போடுவார்கள். அது ஓவியர்கள், கைவினைக்காரர்கள் கூடும் தெரு. ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் வரும், இருட்டின பிறகு அதைச் சுற்றி நடப்பதே ஒரு சுகம்.

விழா இல்லாத நாளில் வருகிறவர்களும் ஏமாற வேண்டாம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் குளக்கரைகளுக்கு நடைபாதையும் விளக்கும் வந்துவிட்டதால், வாலாங்குளத்தில் சும்மா உட்கார்ந்து தண்ணீரில் நகரத்து வெளிச்சம் ஆடுவதைப் பார்க்கலாம். ரயில் பாதை அந்தக் குளத்தின் நடுவே போகிறது. ராத்திரி ரயில் ஒன்று கடக்கும்போது ஜன்னல் வெளிச்சமெல்லாம் வரிசையாகத் தண்ணீரில் ஓடும். யாரும் ஏற்பாடு செய்யாத ஒளிக்காட்சி அது. எங்கள் ஆசிரியை நண்பருக்கு லேசரைவிட அதுதான் பிடிக்கும்.

எந்த நாள் போவது நல்லது?

விழாத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும், அறிவிப்பு வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். ஒரு தடவை ஞாயிறு அன்று காரில் போய், சுங்கம் பைபாஸில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். முன்னால் இருந்த காரின் பிரேக் லைட்டைத்தான் அன்றைக்குப் பார்த்தோம். குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் செவ்வாய், புதன் என்று வேலை நாளில்தான் போகிறோம். நிலாவையும் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாளைவிட அமாவாசையை ஒட்டிய நாளில் ஒளி எடுப்பாகத் தெரியும்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

விழா தை மாதத்தில் வந்தால், கோவையில் பொழுது சாய்வது ஏறக்குறைய ஆறே காலுக்கு. நீங்கள் ஐந்து மணிக்கே உக்கடத்தில் இருங்கள். அங்கே குடியிருப்புக் கட்டடங்களின் சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள். அதைச் சாயங்கால வெயிலில் பார்த்துவிட்டு அப்படியே பெரியகுளத்துக் கரைக்கு நடந்தால் வெளிச்சம் இறங்குவதைக் கூடவே இருந்து பார்க்கலாம்.

இது வெறும் பொழுதுபோக்குக்காகச் சொல்வதில்லை. நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். கடைத்தெரு வெளிச்சத்திலிருந்து நேராக வந்து நின்றால் மங்கலான நிறங்கள் கண்ணுக்குப் பிடிபடாது. பழகின கண்ணோடு நிற்கும்போது இடையில் ஒரு தடவை மொபைலைத் திறந்தாலும் போச்சு, திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பஸ்ஸா, சொந்த வண்டியா?

பஸ். பொள்ளாச்சி, பாலக்காடு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு உக்கடம் பஸ் ஸ்டாண்டே குளக்கரையில்தான். ரயிலில் வந்தால் கோவை ஜங்ஷனில் இறங்கி வாலாங்குளம் வரை நடந்தே வந்துவிடலாம். நாங்கள் திருப்பூர், ஈரோடு ஆட்களை ரயிலில்தான் வரச் சொல்கிறோம். திரும்பிப் போகும் ரயிலின் நேரத்தை வரும்போதே பார்த்து வைத்துக்கொண்டால் கடைசியில் ஓட வேண்டியதில்லை.

லேசரில் எப்படிப் படம் வரைகிறார்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். எனக்கும் சொல்லப் பிடித்த பதில் இதுதான்.

லேசர் என்பது ஒரே ஒரு புள்ளிதான். அந்தக் கதிர் விரல் நகத்தளவு கண்ணாடி இரண்டில் பட்டுத் திரும்புகிறது. ஒரு கண்ணாடி இடவலமாக ஆடும், இன்னொன்று மேலும் கீழுமாக ஆடும். இரண்டும் சேர்ந்து ஆடும் வேகத்தில் அந்தப் புள்ளி ஒரு யானையின் உருவத்தை நொடிக்குப் பல தடவை சுற்றி வந்துவிடுகிறது. நம் கண், பார்த்த வெளிச்சத்தைச் சட்டென்று விடாமல் ஒரு கணம் பிடித்து வைத்திருக்கும். அதனால் ஓடும் புள்ளி நமக்குக் கோடாகத் தெரிகிறது, கோடு யானையாகிறது. உருவத்தில் வளைவு நெளிவு கூடினால் புள்ளி சுற்றிவர நேரமாகும், படம் லேசாகத் துடிக்கும். அடுத்த முறை பாருங்கள், நட்சத்திரம் ஆடாமல் நிற்கும், எழுத்து நிறைய வந்தால் நடுங்கும்.

இன்னொன்று. லேசர் கதிர் நம் தலைக்கு மேல் போகும்போது சுத்தமான காற்றில் அது தெரியவே தெரியாது. தூசி, புகை, நீர்த்திவலை எதிலாவது பட்டுச் சிதறினால்தான் கண்ணுக்கு வரும். அதற்குத்தான் புகை மிஷின் வைக்கிறார்கள். குளத்து மேல் பனி படரும் நாளில் அந்த மிஷினே தேவைப்படாது. மார்கழி, தை மாதத்தில் குளக்கரையில் லேசர் அவ்வளவு அழகாக இருப்பதற்கு அந்த ஈரமும் ஒரு காரணம்.

தண்ணீரில் படம் தெரிகிறதே, அது என்ன? எங்கே நின்றால் நன்றாகத் தெரியும்?

அதற்குத் தண்ணீர்த்திரை என்று பெயர். பம்ப் வைத்துத் தண்ணீரை விசிறி மாதிரி மேலே பீய்ச்சுவார்கள். அந்த நீர்ப்படலத்துக்குப் பின்னாலிருந்து புரஜெக்டர் படத்தை வீசும். வெளிச்சத்தின் பெரும்பகுதி நீர்த்துளிகளைத் தாண்டி நேராக முன்னால் வருவதால், திரைக்கு நேர் எதிரே நிற்கிறவருக்குத்தான் படம் பளிச்சென்று இருக்கும். பக்கவாட்டில் போகப் போக மங்கிக்கொண்டே வரும். கிட்டே போக வேண்டும் என்று முண்டியடிக்காதீர்கள். நேர் எதிரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

காற்றும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று நமக்குத் தெரிந்ததுதான், அந்தக் காற்றில் தண்ணீர்த்திரை நிற்காது, கிழிந்த வேட்டி மாதிரி பறக்கும். தையில் காற்று அடங்கியிருக்கும். அப்படியும் ஒரு தடவை காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று, காட்சி முடிவதற்குள் ஆறு பேரும் நனைந்துவிட்டோம். இப்போதெல்லாம் போனதும் கரையில் கொடியோ மரக்கிளையோ எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இடம் பிடிக்கிறோம்.

மொபைலில் எடுத்தால் ஏன் வெள்ளையாக எரிந்துபோய் வருகிறது?

மொபைல் கேமரா இருட்டைப் பார்த்ததும் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடுகிறது. திரையில் ஒளி இருக்கும் இடத்தைத் தொட்டு, அங்கே வரும் சூரியன் குறியைக் கீழே இழுங்கள். நிறம் திரும்பி வந்துவிடும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். குளத்து நடுவில் இருக்கும் படத்தை உங்கள் ஃபிளாஷ் தொடாது, முன்னால் நிற்பவர் பிடரியைத்தான் தொடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் வந்தால் மொபைலின் சென்சார் கெட்டுப்போகலாம். அப்புறம் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஒரு கோடு நிற்கும், அதைச் சரிசெய்ய முடியாது. கதிர் உங்கள் பக்கம் திரும்பும்போது மொபைலை இறக்கிக்கொள்ளுங்கள். கதிர் புறப்படும் இடத்தைக் கண்ணாலும் உற்றுப் பார்க்க வேண்டாம், குழந்தைகளுக்கு இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முதல் காட்சியில் யாரும் மொபைலை எடுப்பதில்லை. இரண்டாவது காட்சியில் ஒருவர் மட்டும் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார்.

எல்லோரும் தாண்டிப் போய்விடும், ஆனால் நின்று பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்லுங்களேன்.

ஒரு வருடம் நடைபாதை ஓரத்தில் ஒரு வெள்ளைச் சுவர். அதன் எதிரே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகளை ஒரு முழம் இடைவெளியில் வைத்திருந்தார்கள். மூன்றும் சேர்ந்து விழுந்த இடம் வெள்ளையாக இருந்ததால், ஒன்றுமே இல்லை என்று கூட்டம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பையன் மட்டும் குறுக்கே ஓடினான். சுவரில் அவனுக்கு மூன்று நிழல். ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று ராணி கலர், ஒன்று ஆனந்தா ப்ளூ.

எங்கள் சாயப்பட்டறை நண்பர் அங்கேயே நின்றுவிட்டார். கையை நீட்டி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பதினைந்து விரல் சுவரில் மூன்று நிறத்தில் ஆடியது. "எங்க பட்டறையில சிவப்பையும் பச்சையையும் ஒண்ணாப் போட்டா சேறு மாதிரிதானுங்க வரும், இங்க மஞ்சள் வருதே" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அவரே சொன்னார்: கை நீல விளக்கை மறைக்கிற இடத்தில் சிவப்பும் பச்சையும் மட்டும் விழுகிறது, அது மஞ்சள். பச்சையை மறைத்தால் ராணி கலர். சிவப்பை மறைத்தால் ஆனந்தா ப்ளூ.

வெளிச்சத்தில் நிறம் சேரச் சேர வெளுத்துக்கொண்டு போகும். சாயத்தில் சேரச் சேரக் கறுத்துக்கொண்டு போகும். துணியில் ஏறும் சாயம் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் நமக்குத் திருப்பித் தருகிறது. நிழலும் அதே மாதிரி ஒரு விளக்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று டப்பாவை வைத்துக்கொண்டு முப்பது வருடமாக ஷேடு பிடிக்கிறவர் அவர். அந்த மூன்றுக்கும் சொந்தக்கார நிறங்கள் நிழலாக எதிரில் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். நாங்கள் லேசருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

எத்தனை பேராகப் போவது?

நாலு பேரிலிருந்து ஆறு பேர். அதற்கு மேல் போனால் ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே பொழுது போய்விடும். முடிந்தால் வேறு வேறு தொழில்காரர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயப்பட்டறைக்காரர் நிறத்தைப் பார்ப்பார், எலக்ட்ரீஷியன் வயர் எங்கே போகிறது என்று பார்ப்பார், டீச்சர் பக்கத்துக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பார். தனியாகப் போனால் இதில் ஒன்றுதான் கிடைக்கும்.

பெரியவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. நடக்கச் சிரமப்படும் அம்மிச்சி, அப்புச்சிக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள், குளக்கரையில் உட்கார இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். காதுக்குத் துண்டோ மஃப்ளரோ அவசியம். கொசு இருக்கும், களிம்பு தடவிக்கொண்டு வாருங்கள். கைக்குழந்தைகளுக்கு ஸ்பீக்கர் சத்தம் ஆகாது, கரையின் மறுகோடியில் நின்றால் வெளிச்சம் கிடைக்கும், சத்தம் வராது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குச் சட்சட்டென்று வெட்டும் வெளிச்சம் ஆபத்தாகலாம், அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாடு?

காளான். கோவைக்கு வந்துவிட்டுத் தள்ளுவண்டிக் காளான் சாப்பிடாமல் போகக் கூடாது. முட்டைக்கோசும் காளானும் சேர்த்துப் பொரித்ததைத் தவாவில் குத்திக் குழைத்து, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தருவார்கள். ஆனால் காட்சி முடிந்த பிறகு சாப்பிடுங்கள். கையில் சூடான தட்டோடு யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தட்டையும் கப்பையும் குளத்தில் போட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவு வெளிச்சம் குளத்துப் பறவைகளுக்குத் தொந்தரவு இல்லையா?

தொந்தரவுதான். நாமக்கோழியும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் தங்கும் குளங்கள் இவை. வருடத்தில் சில ராத்திரி, பத்து மணிக்குள் முடிகிற காட்சி, நாணல் உள்ள மூலைப் பக்கம் கதிர் திரும்பாமல் பார்த்துக்கொள்வது என்று இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். வருடம் முழுக்கக் கரையைச் சுற்றி எரியும் கலர் விளக்கை என்னால் ஏற்க முடியவில்லை. சிங்காநல்லூர் குளத்தை 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்க் காப்பு மண்டலமாக அறிவித்தார்கள். அந்தக் குளமாவது இருட்டாகவே இருக்கட்டும். ஒளிக்கலையை விரும்புகிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும், இருட்டு இருந்தால்தானே நமக்கும் வேலை.

வெளிநாட்டில் இப்படி விழாக்கள் உண்டா?

நிறைய. சிட்னியில் 2009-லிருந்து நடக்கிறது, ஆம்ஸ்டர்டாமில் 2012-லிருந்து. ஆனால் எனக்கு மனதுக்கு நெருக்கமானது பிரான்சின் லியோன் நகரத்துக் கதை. அங்கே குன்றின் மேல் மாதா சிலை ஒன்றைத் திறக்க 1852 டிசம்பர் 8 அன்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்றைக்கென்று புயல் மழை. வாணவேடிக்கையெல்லாம் நின்றுவிடும் நிலை. மழை விட்டதும் ஊர் சனம் தாங்களாகவே ஜன்னல் ஜன்னலாக மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். அந்த வழக்கம்தான் வளர்ந்து, இன்று ஒவ்வொரு டிசம்பரிலும் நாலு நாள் ஒளித் திருவிழாவாக நடக்கிறது. கார்த்திகைக்குத் திண்ணையில் அகல் வைத்துப் பழகிய நமக்கு இதைப் புரியவைக்க யாரும் வேண்டியதில்லை.

கோவையில் இன்னும் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?

டவுன்ஹால் கட்டடம் 1892-ல் கட்டியது. அதன் சுவரில் இந்த ஊரின் கதையை ஒளியால் சொல்ல வேண்டும். நீலகிரியில் பைக்காராவில் விழுந்த தண்ணீர் 1930-களின் தொடக்கத்தில் மின்சாரமாகி இங்கே இறங்கி வந்தது, மில்கள் பெருகின. அந்த வெளிச்சத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று குளக்கரையில் நின்று லேசர் பார்க்கிறார்கள். சீரியல் செட் போட்ட பழைய ஆட்களையும் கூப்பிட்டு ஒரு மூலையில் அந்த மர உருளையை ஓட்டிக் காட்டச் சொன்னால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

விழா இல்லாத நாளில் குழந்தைகளுக்கு வீட்டிலேயே ஏதாவது காட்ட முடியுமா?

கார்த்திகைக்கு ஊர்ப்பக்கம் போங்கள், மாவளி சுற்றிக் காட்டுங்கள். ஆண் பனையின் பூந்தண்டை மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பருத்தித் துணியில் இறுக்கிச் சுருட்ட வேண்டும். அதைப் பனைமட்டைக் கீற்று மூன்றுக்கு நடுவே வைத்துக் கட்டி, நீளக் கயிறு கோத்து, நுனியில் கங்கு வைத்துச் சுற்றினால் பொறி பூப்பூவாகக் கொட்டும். வைக்கோல் போரிலிருந்து தள்ளி, திறந்த களத்தில், பெரியவர் ஒருவர்தான் சுற்ற வேண்டும். பருத்தி உடுத்திக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும்.

மெதுவாகச் சுற்றும்போது கங்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும். வேகம் கூட்டக் கூட்ட அது வளையமாகிவிடும். குளத்தில் யானை வரைந்த லேசர் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், அந்த வளையத்தைக் காட்டி, சுற்றும் கையை மெல்ல நிறுத்திவிடுங்கள்.